டியூப் கட்டிய ஜாயின்ட்

ஜீப் அண்ணன் அனுப்பிய படத்தை நான் இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. ஜீப்பின் அடிப்பக்கம், ஈர நிலக்கரிச் சேறு, முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டின் முனையில் ரப்பர் போர்த்திய கறுப்பு உருண்டை. என் மகளின் படங்களுக்கு நடுவே அது கிடக்கிறது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் என்பதால், கேட்கிற பாகம் எது என்று கண்டுபிடித்துக் கோயம்புத்தூருக்கு ஆர்டர் போடுவது என் பொறுப்பு. போன மழைக்காலத்தில், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்த புதிது. உடம்பு கடையிலும் மனசு வீட்டிலுமாக, மகள் பால் குடித்தாளா என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். படம் அனுப்பிய ஜீப் அண்ணன் எங்கள் கடை வாடிக்கையாளர், சேத்தியாத்தோப்புக்காரர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றிச்செல்ல, தன் சொந்த ஜீப்புக்குப் புதிதாக ஒரு கான்ட்ராக்ட் பிடித்திருந்தார். திங்கட்கிழமை காலை வண்டி போய் நிற்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். படம் வந்தது சனிக்கிழமை. அன்று மாலையே கோயம்புத்தூரில் பஸ் பார்சலாகச் சரியான பாகம் ஏறியாக வேண்டும். தவறானது வந்தால் மாற்ற நேரமில்லை.

"கிராஸ் போயிடுச்சும்மா" என்றார். எங்கள் பக்கத்தில் தண்டின் இணைப்பு எதுவானாலும் கிராஸ்தான். படத்தில் ரப்பர் உறை இருந்ததால், உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் வகை சி.வி. ஜாயின்ட் என்று முடிவுசெய்து ஆர்டரை எழுதிவிட்டேன். தண்டு சாய்ந்தாலும் சுழற்சி சீராக இருக்கவே சி.வி. ஜாயின்ட். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதையும் முடித்த பிறகு சந்தேகப்படுவது என் வழக்கம். "எத்தன வாட்டிதான் பாப்ப?" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். கம்பெனி உறையென்றால் தட்டையான கிளிப் பிடித்திருக்கும். இதில் முறுக்கிய கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

உடனே போன் செய்தேன். "அண்ணா, அந்த ரப்பர் வண்டியோட வந்ததா?"

"அது நான் கட்டுனதும்மா! பழைய லாரி டியூபு. மழையில சேறு பூந்துக்குதுன்னு கட்டிகினு ஓட்றோம். மைன்ஸ்ல ஓட்ற வண்டிக்கெல்லாம் இந்தக் கோவணம் உண்டு."

ஆர்டரை அனுப்பாமல் தள்ளிவைத்தேன். "அறுத்துட்டு, துடைச்சு, இன்னொரு படம் அனுப்புங்கண்ணா."

அடுத்த படத்தில் உண்மை தெரிந்தது. கூட்டல்குறி வடிவில் நெருக்கமாக இரண்டு நிஜ கிராஸ், இரண்டையும் பிடித்திருக்கும் நடுத்துண்டு. அதுவும் சி.வி. ஜாயின்ட்தான், ஆனால் வேறு வகை. லாரிகளிலும் மேடுபள்ளத்தில் ஏறும் வண்டிகளிலும் வருவது. வளைவை இரண்டு கிராஸும் பங்குபோட்டுக்கொள்ளும். பழைய ஆர்டரை அழித்தேன். கிராஸின் முனைகளில் மூடிபோல் இருக்கும் கப்புகளைப் பிடிக்கும் லாக் வளையம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா, கப்பின் விட்டம் என்ன, ஒரு கப்பின் முனையிலிருந்து எதிர்க் கப்பின் முனைவரை நீளம் என்ன என்று கேட்டேன். சொன்னார். மறுபடி அளக்கச் சொன்னேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட எங்கம்மா இவ்ளோ கேக்கலம்மா" என்றார். ஆனாலும் அளந்தார். புது ஆர்டரை அனுப்பினேன்; மாலை பஸ்ஸில் பார்சல் ஏறியது.

இப்போதெல்லாம் யார் படம் அனுப்பினாலும், மேலே என்ன கட்டியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று அந்த நிதானம் இல்லை. ஞாயிறு முழுவதும், அளவைத் தப்பாகக் குறித்துவிட்டேனோ, பார்சல் மாறிப்போனதோ என்று மகளைத் தட்டித் தூங்கவைக்கும்போதும் அதே யோசனை.

திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"கேக்குதாம்மா?"

எஞ்சின் இரைச்சல் மட்டும்தான். "வேற ஒண்ணும் கேக்கலையே அண்ணா?"

"அடியில லொடலொடன்னு ஏதாச்சும்?"

"இல்லண்ணா."

"அதான். முன்வீல் இழுவையும் போட்டுகினு மேடு ஏறிகினு இருக்கேன். வண்டி நிறைய ஆளுங்க. பக்கத்துல ஒருத்தரு போனப் புடிச்சிருக்காரு. வச்சுட்டுப் போயி பாப்பாவப் பாருங்க."

நான் வைக்கவில்லை. ஜீப் மேடேறி முடிக்கும்வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.