கோழியில் உப்பில்லையாம்!

போன வருடம், ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் எங்கள் அடுத்த வீட்டில் நடந்தது இது. அந்த வீட்டுக்காரி சிங்கப்பூர்த் தமிழ். மகன் இங்கே வளர்ந்தவன்தான், ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை இருப்பதால் கட்டாய ராணுவச் சேவைக்கு அங்கே போயாக வேண்டும். இரண்டு வருடம்.

பயண நாள் நெருங்க நெருங்க, அவள் என் குசினியில் வந்திருந்து அழுவாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொல்வேன். உள்ளுக்குள் வயிறு எரியும். சண்டையே இல்லாத நாட்டு ஆமி. சனி ஞாயிறு வெளியில் விடுவார்களாம். முடிகிற திகதியும் இப்போதே தெரியுமாம். இப்படி அழவும் கொடுத்துவைக்க வேண்டுமே!

மகனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள், போனில் ஒரு படம் காட்டினாள். மொட்டைத் தலையோடு மகன், பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு இவள்.

"முதல் நாள் அப்பா அம்மாவையும் முகாமுக்குள்ள கூப்பிட்டு, பிள்ளையோட உட்கார வச்சு சாப்பாடு போட்டாங்கக்கா. ஆனா கோழியில உப்பே இல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் போர் நடந்த காலத்தில், வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கக்காரர் என் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா சோற்றுப் பார்சலோடு போய் முகாம் வாசலில் நிற்பா. உள்ளே விடவும் மாட்டார்கள், பார்சலை வாங்கவும் மாட்டார்கள். பொழுதுபடத் திரும்பி வந்து அதை நாய்க்கு வைப்பா. அண்ணா வரவேயில்லை. இவளுக்கு உப்புக் காணாதாம்!

"உமக்கென்ன, நீர் குடுத்துவச்ச ஆள்" என்றேன். என் குரல் எனக்கே சுட்டது. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கிறிஸ்மஸ் லீவில் பையன் வந்தான். கறுத்து, மெலிந்து போயிருந்தான். ஜன்னலால் பார்த்தேன், பிறகு இருப்புக்கொள்ளவில்லை. வாழையிலை வாட்டி, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த முட்டை வைத்துக் கட்டிக்கொண்டு பனிக்குள் போய்க் கதவைத் தட்டினேன். அண்ணாவுக்கு அம்மா கட்டுவது இதுதான்.

அவன் வாசலிலேயே நின்று பிரித்துச் சாப்பிட்டான். "அன்ரி, இன்னும் இருக்கா?"

"என்னக்கா விசேஷம்?" என்றாள் தாய். அன்றைக்குத்தான் அவளுக்கு அண்ணாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, இந்த முறை எனக்காக அழுதாள்.

பொய் சொல்லக்கூடாது, மகன் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றபோதும் எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை, ஆனால் அம்மாவின் பார்சல் கடைசியில் முகாமிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.