மண்டி வாசல் வரை வந்த ரோடு

மேட்டுப்பாளையம் போகும் வழியில், பெயரை எழுதினால் வம்பாகிவிடும் ஒரு சின்ன டவுனில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே பழைய பாக்கு மண்டி. அதன் வாசலில் மண்டியை ஆரம்பித்த வியாபாரியின் சிலை. ஊரின் முதல் சேர்மன், சாலை தந்த வள்ளல் என்கிறது கல்வெட்டு. சிலை வரைக்கும் நல்ல தார் ரோடு. அதற்கப்பால் வெறும் சேறு.

சேற்றோரம் சாக்கு விரித்துக் கேரட் விற்கும் அம்மாளிடம், "ரோடு ஏம்மா பாதியில நிக்குது?" என்று கேட்கிறேன்.

"பாதி எங்கீங்க? அவரு வண்டி மண்டிக்கு வந்து சேர்ந்துருச்சுங்களே!"

பல வருஷமாக நடக்காத உள்ளாட்சித் தேர்தல் இப்போது வருகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வள்ளலின் பேரன் ஓட்டுக் கேட்டு வருகிறார். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் தார் விளிம்பிலேயே நின்று கும்பிடுகிறார்.

"எங்க தாத்தா போட்ட ரோட்டுலதானுங்க உங்க காயெல்லாம் வருது. மிச்சத்தை நான் போட்டுத் தாரேனுங்க, அம்மணி."

அம்மாள் எழுந்து, அவரைவிடப் பணிவாகக் கும்பிடுகிறார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இந்த வார்டுல நானும் நிக்கறேனுங்க. உங்க ஊட்டு ஓட்டெல்லாம் மறக்காம எனக்குப் போட்டுருங்க, கண்ணு."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தேவிடுகிறார். பேரன் இரண்டு கிலோ கேரட் வாங்குகிறார். மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பம், பேரம் பேசவே மறந்துபோகிறது.