காற்றில் ஆடாத செம்பருத்தி

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. வயலை மனை போட்ட இடம், குச்சியை நட்டாலும் துளிர்க்கும். அதில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் வளர்த்தது என் மனைவி. ஃபோட்டோ எடுத்துப் பெயர் வாங்கியது நான்.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதிது. மறைமலை நகர் கம்பெனியில் கிடைத்த போனஸில் டிஜிட்டல் கேமராவும் வாங்கியிருந்தேன். ஞாயிறு காலை படம் எடுத்து, இணையத்தில் செடி வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் போடுவேன். யார் யாரோ "சூப்பர் சார்" என்று எழுதுவார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

காற்றில் பூ ஆடினால் படம் கலங்கிவிடும். அதனால் அவள் காம்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள்.

"ஆடாம புடி."

"நான் எங்க ஆடறேன்? சீக்கிரம் எடுங்க, அடுப்புல பால் பொங்கிடும்."

விரல் தெரிந்தால் படம் கெட்டுப்போச்சு என்பது என் கட்சி. கம்ப்யூட்டரில் விரல்களை வெட்டிவிட்டு, வெட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொள்வேன். கை நடுவில் வந்துவிட்டால் படத்தையே அழித்துவிடுவேன். பெரிய கலைஞன் என்ற நினைப்பு, வேறென்ன.

ஒருநாள் குழுவில் ஒரு அம்மாள், பூ எப்படி இவ்வளவு அசையாமல் நிற்கிறது என்று கேட்டார். "விடியற்காலையில் காற்று இருக்காது மேடம்" என்று தட்டிவிட்டேன். பின்னால் நின்ற என் மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"அடேங்கப்பா, காத்தே இல்லியாமே" என்று சிரித்தாள். கோபப்பட்டிருந்தாலாவது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

கல்யாண ஆல்பத்தில் இருப்பவள் யாரோ அலங்காரம் செய்த பெண். கேமரா வாங்கிய பிறகும், "என் மூஞ்சி எதுக்கு, பூவ எடுங்க" என்பாள். நானும் சரியென்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கை. மண் ஏறிய நகம், சுண்டுவிரலில் எண்ணெய் தெறித்த வடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாகத் திறந்து, ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் பூக்கள். எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன், பாவி. ஒரு நகம்கூட மிச்சம் வைக்கவில்லை.