அழாததற்கு ஒரு கோடு

அன்று மொட்டை மாடியில் நைனா, நான், தங்கை மூன்று பேரும் இருந்தோம். அம்மா இல்லை, மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள்.

நைனா ஒரு காலத்தில் வியாசர்பாடியில் குத்துச்சண்டை போட்டவர். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலத்தில் எங்கள் இருவருக்கும் பயிற்சி. சட்டம் எளிது. அடிபட்டும் அழாவிட்டால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரியால் ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் சனிக்கிழமை பீப் பக்கோடா. அழுதாலோ, வலிக்கிறது என்று வாயைத் திறந்தாலோ அத்தனை கோடும் அழிந்துவிடும்.

எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு ஏழு. என் கோடுகள் முந்தின நாள்தான் அழிந்திருந்தன. அவளுக்கு நான்கு இருந்தது. அந்தக் கடுப்போ என்னவோ, என் கை அவள் இடது காதில் ஓங்கி விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு துடித்தது, அழவில்லை.

"பார்றா, இது புள்ள! நீயும் கீறியே!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நைனா ஐந்தாவது கோட்டை இழுத்தார்.

மறுநாள் காலை அவள் தலையணையில் மஞ்சள் கறை.

"நைனாண்ட சொல்லாதண்ணா, கோடு பூடும். உனக்குப் பாதி தர்றேன்."

சொல்லவில்லை. சனிக்கிழமை பொட்டலத்தைப் பிரித்துச் சரிபாதி தந்தாள். தன் பங்கை ஒரு பக்கமாகவே மென்றாள்.

பிறகு, பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "கூப்புட்றது காதுல வுழலயாடி? இன்னா திமிரு!" என்று முதுகில் இரண்டு விழும். அதிலிருந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். அடித்ததும் திருந்திவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் அம்மா பெருமையாகச் சொன்னாள்.

சீழ் நாற்றம் எடுத்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்காது வரை அரித்துவிட்டது என்றார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இப்போது பி.எட். படிக்கிறேன். பரிசு கிடைக்கும் செயல் வளரும், தண்டனை கிடைக்கும் செயல் குறையும் என்று உளவியல் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எங்கள் வீட்டிலும் அது பிசகவில்லை. வலிக்கிறது என்று சொல்வது குறைந்தது. வலி அப்படியே இருந்தது. அவள் வாயை மூடி வைத்த பக்கோடாவில் பாதியைத் தின்றது நான் என்பது மட்டும் பதினொரு வயதில் எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு வேண்டிய காது மெஷின் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.