பச்சையாக ஒளிர்ந்த என் தோல்

மூன்று வருடங்களுக்கு முன், காரமடையில் நானும் வீட்டுக்காரரும் இட்லி மாவுக் கடை நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. முதலில் என் வாயில் புண் வந்தது. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு முதுகிலும் கையிலும் கொப்புளங்கள். லேசாக உரசினாலே உடைந்து தோல் உரிந்தது. அக்கி என்றார்கள்; கொப்புளத்தின் மேல் காவிமண் குழைத்து எழுதிப் பார்த்தோம். களிம்பும் தடவிப் பார்த்தோம். கொப்புளம் குறையவில்லை, கடைக்கு வருகிறவர்கள்தான் குறைந்தார்கள்.

மாவு அரைக்கிற வேலை முழுக்க வீட்டுக்காரர் கைக்குப் போனது. நான் கல்லாவில் மட்டும் உட்கார்ந்தேன். அப்படியும் என்னைப் பார்த்ததும் சிலர் அடுத்த கடைக்கு நடந்தார்கள். என் தங்கை ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அக்கா, பாப்பாவ இப்போதைக்குத் தூக்காதீங்க" என்றாள். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. ஒட்டிக்கொள்ளுமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லையே! நானும் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டர், கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலில் மிளகளவு எடுத்து லேபுக்கு அனுப்பினார். ரிசல்ட் வாங்க லேபுக்குப் போன நான், அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "இது ஒட்டுமுங்களா?"

"நீங்களே வந்து பாருங்க அம்மணி" என்று, புண் இருந்த கையைப் பிடித்தே இருட்டறைக்குள் கூட்டிப் போனார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டில் பச்சையாக ஒரு வலை, மீன் வலை மாதிரியே, பளிச்சென்று தெரிந்தது.

"சீக்கிரம் பாத்துக்கங்க. மைக்ராஸ்கோப்பு வெளிச்சம் பட்டுட்டே இருந்தா மங்கிப்போயிரும்."

பிறகு விளக்கினார். கிருமியை எதிர்க்க நம் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறதாம். எனக்கு அது ஆள் தெரியாமல் என் தோலையே தாக்குகிறது. தோலை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் பிடிப்பு விட்டுப்போய்க் கொப்புளமாகிறது. அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஒளிரும் சாயத்தை என் தோல் துண்டில் விட்டிருக்கிறார்கள். அது ஒட்டிய இடமெல்லாம்தான் அந்தப் பச்சை.

"இது யாருக்கும் ஒட்டாதுங்க. ஆனா மருந்து கொஞ்சம் கடுமை, எதிர்ப்புச் சக்தியக் குறைச்சுப்போடும். மத்தவங்க சளி காய்ச்சல் உங்களுக்கு ஒட்டாம நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார்.

பஸ் ஏறியதும் தங்கைக்குப் போன் செய்தேன். "பாப்பாவுக்குச் சளி இல்லாத நாளாப் பாத்துக் கூட்டிட்டு வா" என்றேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே அவள் அழுது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடமும் மாவு வாங்க வருகிறவர்களிடமும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆனால் புண் ஆறித் தழும்பான பிறகுதான் மாவு வாங்க வந்தார்கள். எனக்கு யார் மேலும் கோபமில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் தோல் நோய் உள்ள ஒருவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால், இவ்வளவு பட்ட என் மனசே ஒரு நொடி தயங்குகிறது. தயங்கிவிட்டு, அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.