யூதாஸ் நடத்தும் சலூன்

முடி வெட்டும் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஊரில் எப்பேர்ப்பட்ட ஆளும் நமக்கு முன்னால் தலையைக் குனிந்துதான் ஆகவேண்டும். ஒரு வசதியீனமும் உண்டு. தலை குனிந்திருந்தாலும் வாய் சும்மா இருக்காது. பள்ளிமுனையில் இரண்டு கதிரையும் ஒரு பெரிய கண்ணாடியுமாக இருபத்திரண்டு வருடம் சலூன் நடத்தும் அன்ரனாகிய நான் இரண்டையும் அனுபவித்தவன். அதிலும் போன தவக்காலத்தில், எங்கள் கோயிலில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் யூதாசாக நடிக்கப்போய்ப் பட்ட பாடு தனி. பகலில் ஒரு தொழில், பின்னேரத்தில் ஒரு வேஷம் என்று நடுவில் கிடந்து இழுபடுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் வேதனை விளங்கும்.

தாடிக் காலம்

தவக்காலம் தொடங்கினால் என் தொழில் படுத்துவிடும். நாடகத்தில் பன்னிரண்டு சீடர், தலைமைக் குருமார், பரிசேயர், போதாததற்கு இரண்டு கள்ளர். அத்தனை பேருக்கும் சொந்தத் தாடி இருக்கவேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாடகத்தை எழுதுவதும் பழக்குவதும் அவர்தான். ஒரு வருடம் சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கிற நேரம் பார்த்து ஒட்டுத்தாடி கழன்று விழுந்ததாம். அன்று போட்ட சட்டம் அது. அதனால் என் வாடிக்கையாளரில் பாதிப்பேர் நாற்பது நாளும் சலூன் வாசலால் தாடியைத் தடவிக்கொண்டு போவார்கள்.

போன வருடம், வழக்கமாக யூதாசாக நடிப்பவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த வேஷத்தை எடுக்க வேறு ஒருவரும் முன்வரவில்லை. பேர் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது என்று எல்லோருக்கும் பயம். மாஸ்டர் நேரே சலூனுக்கு வந்தார். எனக்கு வேண்டாம், என் தொழில் கெட்டுப்போகும் என்று கெஞ்சினேன். அவர் வெறுமையாகக் கிடந்த இரண்டு கதிரைகளையும் ஆறஅமரப் பார்த்தார்.

“கெடுறதுக்கு இஞ்ச என்னடா மிச்சம் கிடக்கு?”

கத்திக்குக் கீழே

மீன் ஏலம் கூறும் பெனடிக்ற் அண்ணன் என் கதிரையில் சாய்ந்தவுடன் குறட்டை விடுகிற பேர்வழி. சந்தையில் கத்திக் களைத்த தொண்டைக்கு என் சலூன்தான் ஓய்வு மடம். நான் யூதாஸ் என்று கோயிலில் அறிவித்த மறுநாள் வந்தார். கதிரையில் சாய்ந்தார், ஆனால் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் என் கை போகிற இடமெல்லாம் அவருடைய கண்ணும் போனது. நாடியை நிமிர்த்தி, கழுத்தில் சவர்க்கார நுரை பூசி, கத்தியைக் கிட்டக் கொண்டுபோனேன். டக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு அன்ரன். முதல் ஒண்டு சொல்லு. இப்ப நிக்கிறது நீயோ, அவனோ?”

இடமும் வலமும்

மாஸ்டர் யூதாசுக்கு ஒரு நீண்ட தனிப்பேச்சு எழுதியிருந்தார். ‘மனமே, என்னை எங்கே இழுத்துச் செல்கிறாய்’ என்று தொடங்கும். நான் பள்ளிக்கூடத்திலேயே எதையும் பாடமாக்கிய ஆள் இல்லை. வேறு வழியில்லாமல், வெட்டுகிறபோதே முணுமுணுத்துப் பழகினேன்.

புடவைக்கடை ஹனீபா நானா ஒருநாள் தலையைக் கொடுத்தார். நாடக உடுப்புகளுக்குச் சீலை தந்து உதவுகிறவரும் அவர்தான். அடுத்த நாள் முசலியில் அவருடைய மருமகனுக்கு நிக்காஹ். நானாவின் தலையில் நான் மனமே என்று தொடங்கினேன். மனம் என்னை இழுத்தது, நான் மெஷினை இழுத்தேன். வலது காதுக்கு மேலே வெள்ளையாக ஒரு பாதை விழுந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட இடது பக்கமும் கொஞ்சம் எடுத்தேன். இடது கூடிவிட்டது. திரும்பவும் வலது. தராசுத் தட்டு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏறி இறங்கி, கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு தொப்பி அளவுக்கு முடி மிஞ்சியது. நானா கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மிச்சமிருந்த முடியும் மறைந்துபோனது.

“மனத்தை நீ விரும்பின இடத்துக்கு அனுப்பு தம்பி. மெஷினை மட்டும் என்ர தலையில வச்சிரு.”

சிரிப்பு

இயேசுவாக நடித்தவன் சவிரி. கடற்றொழிலாளி, முதலாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதன். சிறுவயதில் செபமாலை நேரத்தில் சிரித்து, இரண்டு பேரும் ஒன்றாகத் தண்டனைக்கு முழங்காலில் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. அந்த வியாதி எங்களுக்கு நாற்பது வயதிலும் மாறவில்லை. தோட்டத்துக் காட்சியில் நான் நடந்துபோய், சேவகருக்குக் காட்டிக்கொடுக்கிற அடையாளமாக அவன் கன்னத்தில் முத்தமிட வேண்டும். கிட்டப் போவேன். அவனுடைய மூக்கு நுனி துடிக்கும். அவ்வளவுதான், ஆண்டவரும் யூதாசும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவோம். ஒன்பது முறை பழகினோம், ஒன்பது முறையும் இதே கூத்து.

ஒன்பதாவது பழக்கத்துக்கு மறுநாள் மத்தியானம் சவிரி சலூனுக்கு வந்தான். தாடியும் தலைமுடியுமாகச் சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்தான். அவன் மகள் மெர்லினுக்கு ஆறு வயது. மாரிமழைக் காலத்தில் காய்ச்சல் வந்து, தப்புவாளோ என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பிள்ளை எழும்பினால் ஆண்டவராக நிற்பேன், தவக்காலம் முழுக்க ஒரு நேரச் சாப்பாடுதான் என்று அவன் நேர்ந்திருந்தான். எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும்தான் சிரித்தேன்.

“டேய், நான் பகிடிக்கு நிக்கேல்லை. பிள்ளைக்காக நிக்கிறன். ஊருக்கு முன்னால நீ சிரிச்சா நானும் சிரிப்பன். என்ர நேர்த்தி பாழாப் போயிரும்.”

வைத்தியம்

அவன் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சிரிப்பை அடக்க வழி கேட்டேன். தொடையைக் கிள்ளு என்றார் ஒருவர். கண்ணைப் பார்க்காதே, நெற்றியைப் பார் என்றார் முருங்கன் பஸ் சாரதி. பஸ்தியாம்பிள்ளை அப்புவுக்கு எண்பது வயது. கன்னம் குழி விழாமல் சவரம் செய்வதற்காக, பொய்ப்பல்லை அவர் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அன்று பாதிச் சவரத்தில் பல்லைக் கழற்றிக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதைப் போல உன்ர பல்லையும் கழட்டிப் போட்டு நடி மோனே. சிரிக்கிறியோ அழுகிறியோ எண்டு பெத்த தாய்க்கும் தெரியாது.”

தோட்டம்

நாடகம் கோயில் முற்றத்தில், வெயில் தாழ்ந்தவுடன் தொடங்கியது. பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி மேடை. பனையோலையும் கிளைகளும் நட்டுத் தோட்டம். ஊரே மணலில் இருந்தது. மெர்லின் முன்வரிசையில் தாயின் மடியில் இருந்தாள்.

நடந்தேன். தொடையைக் கிள்ளினேன். நெற்றியைப் பார்த்தேன். அப்படியும் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் சவிரியின் நெற்றி நனைந்து வழிந்தது. உதடு வெளுத்திருந்தது. மனுசன் விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்து, அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் பின்பக்கமாகச் சரிந்தான். இரண்டடி பின்னால் மேடை முடிகிறது. பாய்ந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். முத்தம் காதில் எங்கோ விழுந்தது. “விட்டிடாத” என்றான் மூச்சுக்குள்ளே. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நான் அப்படிப் பயந்தது என் கலியாணத்தன்றுகூட இல்லை.

தகர வாளோடு சேவகர் வந்து, ஆண்டவரை இழுத்தார்கள். நான் விடவில்லை. ஒரு சேவகன் என்னை இழுத்தான். அப்போதும் விடவில்லை. “இவனுக்குத் தலை சுத்துதடா, பதமாப் பிடியுங்கோ” என்று நான் மெல்லச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. நான்கு சேவகரும் யூதாசும் சேர்ந்து ஆண்டவரைக் கைத்தாங்கலாக, படி பார்த்து, திரைக்குப் பின்னால் கொண்டுபோனோம். இதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சனம் விம்மி விம்மி அழுதது. சவிரியின் மனைவி உள்ளே ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்தாள். அரை மணித்தியாலம் சீடர்கள் மேடையில் பாட்டுப் பாடிச் சமாளித்தார்கள். பிறகு சவிரி எழும்பி, சிலுவை சுமந்து, கல்லறை வரைக்கும் ஒரு வரி பிசகாமல் நடித்து முடித்தான். நேர்த்தி நிறைவேறியது. நான் திரைக்குப் பின்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். மாஸ்டர் என் உடுப்பைக் கொத்தாகப் பிடித்தார்.

“எந்த வேதாகமத்தில யூதாஸ் ஆண்டவரைத் தாங்கிப் பிடிச்சவன்? சொல்லடா, எந்த அதிகாரம்?”

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு

திங்கட்கிழமை சலூன் திறக்க முதலே வாசலில் தாடிகள் வரிசை கட்டி நின்றன. சவிரிக்கு எல்லோரும் வழி விட்டார்கள். மெர்லினும் கூட வந்திருந்தாள். தகப்பனுடைய தாடி நிலத்தில் விழ விழ, வாங்கில் இருந்து காலை ஆட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பற்றி என்னென்ன சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். துவாயை உதறி, சவிரியை எழுப்பிவிட்டேன். அவள் இறங்கி வந்து நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, அடுத்த வருசமும் நீங்கதான் அப்பாவைக் காட்டிக் குடுக்கோணும். வேற ஆக்களெண்டா கீழ விழுத்திப் போடுவினம்.”

இருபத்திரண்டு வருடம் எத்தனையோ தலைகளை அழகாக்கியும் கிடைக்காத நற்சான்றிதழ், ஒரேயொரு ஆளைக் காட்டிக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்துவிட்டது.