பால்வெள்ளை ராஜா

பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ஒரு புள்ளிகூட இல்லாத நாய்க்குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் நான். ராஜபாளையத்துக்காரி வேறு எப்படிக் கேட்பாள்?

பங்குனியில் கொல்லையில் கத்தரி நாற்று நட்டேன். ராஜா ஈர மண்ணைத் தோண்டி அதிலேயே படுத்துக்கொண்டது. எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. மூன்றாம் நாள் விளக்குமாற்றால் முதுகில் ஒன்று போட்டேன்.

“திமிர் பிடிச்ச நாய். வன்னியம்பட்டியில உங்க தம்பி தோப்புல விட்டுட்டு வந்துருங்க” என்றேன் கணவரிடம்.

“ஞாயித்துக்கிழமை கொண்டு போறேன்” என்றார்.

மறுநாள் காலை, நிறைந்த இரும்பு வாளி கைநழுவித் துவைகல்லில் விழுந்தது. தென்னையிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. இரண்டடி தள்ளித் தூங்கிய ராஜா அசையவில்லை. அதன் தலைக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். தூங்கிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “சுத்த வெள்ளைல சிலதுக்குக் காது கேக்காது தாயி. ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். என் நாய்க்கு அப்படி இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

வாளித் தண்ணீர் ஓடிவந்து காலில் பட்டதும் ராஜா கண்விழித்தது. முந்தின நாள் அடித்த என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

வன்னியம்பட்டிப் பேச்சு அதோடு போயிற்று. இப்போது எதிரே போய் நின்று, கையசைத்துத்தான் கூப்பிடுகிறேன். செடிக்குத் தண்ணீர் விடும்போது அதனிடம் மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டும் இருக்கிறேன். அன்று கத்தியதும் அதற்குக் கேட்கவில்லை, இன்று கொஞ்சுவதும் கேட்கப்போவதில்லை. எனக்குக் கேட்கிறது.